அடினைன் தீவனமும் இளைக்கும் சுண்டெலிகளும்

கேள்வி: நாள்பட்ட சிறுநீரக நோய் பற்றிய ஆய்வுக்காகச் சுண்டெலிகளுக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அடினைன் என்ற வேதிப்பொருள் 0.2 சதவீதம் கலந்த தீவனம் கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே எடை சரசரவென்று இறங்குகிறது. சிறுநீரகம் கெட்டதாலா, சாப்பிடாததாலா? எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முதல் வாரம் என்றால் முதலில் பட்டினியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடினைனின் வாடையும் சுவையும் சுண்டெலிக்குப் பிடிப்பதில்லை. கேசீன் என்ற பால் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் கலந்தால் அது பெருமளவு மறைந்துவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முறையும் இதுதான்.

தினமும் தீவனத்தை எடை போடுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான தீவனம் கொடுத்தால் ஆய்வே வீணாகும்; அடினைன் மட்டும் இல்லாத அதே கேசீன் தீவனம்தான் வேண்டும். முடிந்தால் மூன்றாவதாக ஒரு குழுவும் வையுங்கள். அடினைன் இல்லாத தீவனத்தை, அடினைன் குழு முந்தின நாள் சாப்பிட்ட அளவு மட்டுமே அதற்குத் தினமும் தர வேண்டும். அதுவும் அதே அளவு இளைத்தால் காரணம் பட்டினிதான்.

சிறுநீரகம் கெட்டதா என்று அறிய ரத்த யூரியாவை மட்டும் நம்ப வேண்டாம். உடலில் நீர் வற்றினாலும் தசை கரைந்தாலும் அது ஏறும். சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியேட்டினினை, சுண்டெலி ரத்தத்தில் ஜாஃபே என்ற நிறமாற்ற முறையில் பார்த்தால் அளவு பிழையாக வரும். நொதி முறையோ, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியோ நல்லது. உறுதியான சாட்சி திசுவில்தான் கிடைக்கும். உடலுக்குள் அடினைன், 2,8-டைஹைட்ராக்சிஅடினைன் என்ற கரையாத பொருளாக மாறி, சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகத் தேங்குகிறது. அப்புறம் அழற்சி, நார்த்திசு. முனைவாக்கிய ஒளியில் படிகங்களையும், சிரியஸ் ரெட் சாயத்தில் நார்த்திசுவையும் பாருங்கள். பட்டினியால் இளைத்த எலியில் இந்தப் படிகங்கள் இருக்காது.

ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஆண் எலிகளுக்குப் பாதிப்பு அதிகம். இன்னொன்று: இது நுண்குழல் நோய்க்கான மாதிரி. சர்க்கரை நோயால் வரும் வடிமுடிச்சுப் பாதிப்பை (ரத்தத்தை வடிகட்டும் நுண்நாளக் கொத்துகளின் பாதிப்பை) இதில் தேடுவது பொருந்தாது.

நோய் முற்றும்போது சிறுநீர் ஏராளமாகப் போகும். தண்ணீர்ப் புட்டி ஒருபோதும் காலியாகக் கூடாது; நனைந்த படுக்கையை அடிக்கடி மாற்றுங்கள். எடை எவ்வளவு குறைந்தால் நிறுத்துவது என்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்பே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். 20 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதை எட்டிய எலியை, தரவு போகிறதே என்று ஒரு நாள்கூட ஆய்வில் நீட்டிக்காதீர்கள்.