பள்ளியில் சமூகவியல் படிப்பது வெறும் மனப்பாடமா?

மேல்நிலை வகுப்பில் சமூகவியலை எடுத்தால் வரையறைகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறைகள் உண்டு, ஆனால் பாடத்தின் உயிர் அவற்றில் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் விளக்கியதுபோல, ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் ஆராயலாம். 5 கோடித் தொழிலாளர்களில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் சமூகத்தின் பொருளாதார, அரசியல் அமைப்பையே ஆராய வேண்டும். இந்தப் பார்வை கைவந்த மாணவர், வகுப்பில் யார் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள் என்பதைக்கூட வெறும் கூச்சம் என்று தள்ளிவிடாமல், பாலினம், வர்க்கம், குடும்பப் பின்னணி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பார். தேர்விலும் சொந்தக் கருத்து மட்டும் போதாது, அதற்குச் சான்று வேண்டும்; மனப்பாடத்தைவிட இதுவே கடினம் என்பேன்.