மஞ்சள் கேப்சூல்: ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்றால் எதை நிரூபித்தார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலியால் அவதிப்படுகிறார். இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஜெயநகர் கடை ஒன்றில் மஞ்சள் கேப்சூல் பாட்டில் ஒன்று 350 ரூபாய்க்கும் இன்னொன்று 1,400 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இரண்டிலும் ‘500 மி.கி.’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். விலை கூடியதில் மிளகுச் சத்து சேர்ந்திருப்பதால் அது 20 மடங்கு உடலில் சேரும் என்றும், இது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்றும் கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்கலாம்?
(வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: உங்கள் அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், மருத்துவரிடம் கேட்டு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையையும் செய்துகொள்ளாமல் மஞ்சள் சத்து கேப்சூலைத் தொடக்கூடாது. வார்ஃபரினில் நிலையாக இருந்த நோயாளி ஒருவர் மஞ்சள் சப்ளிமெண்ட் எடுக்கத் தொடங்கியபின் அவருடைய ஐஎன்ஆர் 10-ஐத் தாண்டியதாக 2018-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக அது 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதை எண்ணினால் அந்த அளவு எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். சாம்பாரிலும் ரசத்திலும் வழக்கமாகச் சேரும் மஞ்சளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை முழுவதும் செறிவூட்டிய சத்தைப் பற்றியதே.

இனி விலைக்கு வருவோம். மஞ்சள் தூளில், அதன் முக்கியச் சேர்மமான குர்குமினும் அதன் உறவுச் சேர்மங்களும் (குர்குமினாய்டுகள்) சேர்ந்து ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். ஆகவே ‘500 மி.கி. மஞ்சள் தூள்’ என்று எழுதிய கேப்சூலில் 10 முதல் 25 மி.கி. குர்குமினாய்டுகளே இருக்கும், ‘95 சதவீதம் குர்குமினாய்டுகள் கொண்ட சத்து 500 மி.கி.’ என்று எழுதியதில் 475 மி.கி. இருக்கும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ‘தூள்’ என்றிருக்கிறதா ‘சத்து’ என்றிருக்கிறதா, எத்தனை சதவீதத்துக்குத் தரப்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விவரமே இல்லாத பாட்டில் எந்த விலைக்கும் வாங்கத் தக்கதன்று என்பது என் கருத்து.

கடைக்காரர் சொல்லும் 20 மடங்குக் கணக்கு பொய்யல்ல. அந்த ஆய்வு நம் ஊரிலேயே, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து, 1998-இல் வெளியானது. 2 கிராம் குர்குமினை மட்டும் உட்கொண்டவர்களின் ரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட அளவு 2,000 சதவீதம் உயர்ந்தது. ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லாததை 20 மடங்காக்கினாலும் கிடைப்பது சிறிய அளவுதான். தவிரவும், அந்த ஆய்வு அளந்தது ரத்தத்தில் சேரும் அளவைத்தானே ஒழிய, முழங்கால் வலியை அல்ல. வலியைப் பற்றித் தனி ஆய்வுகள் உள்ளன. தாய்லாந்தில் 367 மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சத்து, 4 வாரங்களில் இபுபுரூஃபன் என்ற வலி நிவாரணிக்கு இணையான நிவாரணம் அளித்தது. இது மதிக்கத்தக்க முடிவு. எனினும், அந்தச் சத்தையும் அந்த அளவையும் பற்றிய முடிவை உங்கள் கடையிலுள்ள வேறொரு தயாரிப்பின் பாட்டிலில் ஒட்டிக்கொள்ள முடியாது.

பைப்பரின் வேலை செய்யும் விதத்தையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். குடல் சுவரும் கல்லீரலும் குர்குமினை வேறு பொருளாக மாற்றி வெளியேற்றுவதை அது தடுக்கிறது. அப்படித் தடுக்கும்போது குர்குமினை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பதில்லை. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இதயத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவையும் அது உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதே குணத்தை நன்மைக்கும் திருப்பியிருக்கிறார்கள்: ஜம்முவிலுள்ள மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அறிவியல் ஆய்வகத்தின் பங்களிப்போடு உருவான காசநோய்க் கூட்டு மருந்தில், 10 மி.கி. பைப்பரின் சேர்த்ததால் ரிஃபாம்பிசின் அளவை 450 மி.கி.யிலிருந்து 200 மி.கி.யாகக் குறைக்க முடிந்தது. மருத்துவரின் கணக்கில் நடந்தால் சிகிச்சையாகும் இந்த விளைவு, அவருக்குத் தெரியாமல் நடந்தால் மருந்தின் அளவு கூடிப்போவதில் முடியும். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மஞ்சள் சப்ளிமெண்ட் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. அவற்றில் பலவற்றில் பைப்பரின் சேர்ந்திருந்தது.

கேள்வி: சில மூலிகை கேப்சூல்களில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது, சிலவற்றில் ஆயுஷ் உரிம எண் இருக்கிறது. எதை நம்பலாம்?
(வாசகர், கே.ஆர்.புரம், பெங்களூரு)

பதில்: இரண்டும் வெவ்வேறு வாக்குறுதிகள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண், அந்த நிறுவனம் உணவுப் பொருள் தயாரிக்கவோ விற்கவோ உரிமம் பெற்றது என்பதைத்தான் சொல்கிறது. அத்தகைய சப்ளிமெண்டின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை ஒரு மூலையில் வைத்துக்கொண்டு விளம்பரத்தில் நோய் தீரும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். ஆயுர்வேதம், சித்தா போன்ற முறைகளின் மருந்துகளுக்கான ஆயுஷ் உரிமம் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் மாநில அரசு வழங்குவது. சட்டம் ஏற்றுக்கொண்ட பழைய நூல்களில் கூறியபடியே தயாரிக்கும் மருந்துக்குப் புதிய மருத்துவப் பரிசோதனை கேட்கப்படுவதில்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. கடைகளில் அரிதாகவே கண்ணில் படும். தாவரத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய, குறைந்தது 4 சேர்மங்களை அளவிட்டுக் காட்டக்கூடிய பொருளை ‘ஃபைட்டோஃபார்மசூட்டிகல்’ மருந்து என 2015-இல் மத்திய அரசு வகைப்படுத்தியது. இதற்கு நவீன மருந்தைப் போலவே மனிதர்களிடம் பரிசோதனை நடத்தி ஒப்புதல் பெற வேண்டும். ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெறும் பாதை இதுவே என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘சர்க்கரை நோயை முற்றிலும் குணப்படுத்தும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு மூலிகை கேப்சூல் வாங்கினேன். பயனில்லை, பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(வாசகர், விவேக் நகர், பெங்களூரு)

பதில்: அதை நம்பி வழக்கமான மாத்திரைகளை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள், பணம் அதற்கு அடுத்தது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். இதை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். பணத்துக்கு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள்; தமிழிலும் பேசலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் பதியலாம். விளம்பரப் பக்கம் நீக்கப்படுவதற்குள் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லோடு, மீதமுள்ள கேப்சூல்களையும் தொகுதி எண் தெரியும் பாட்டிலையும் பத்திரப்படுத்துங்கள்; ஆணையம் ஆய்வகப் பரிசோதனைக்கு உத்தரவிட்டால் அவை தேவைப்படும்.