எங்கள் ஜமாஅத்திலேயே (பள்ளிவாசலைச் சார்ந்த சமுதாயத்திலேயே) ஏழைகள் இருப்பதை வசதியுள்ளவர்களுக்கு எப்படி உணர்த்துவது?

ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில்) சொல்லிப் பார்த்து அலுத்த பிறகுதான் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பேரணாம்பட்டிலும் அதே கதைதான். கட்டாய தர்மமான ஜகாத்தின் சிறப்பைக் கேட்டுத் தலையசைப்பவர்களிடம் ஏழைகள் யார் என்று கேட்டால், பள்ளிவாசல் முன் கையேந்துபவர்களையே காட்டுவார்கள். குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் சொல்வதோ, தன்மானத்தால் கேட்காமலிருந்து, விவரமறியாதவர் கண்ணுக்கு வசதியானவர்களாகத் தெரிபவர்களைப் பற்றி.

அத்தகையவர்களை ஆண்களாகிய எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக் கஷ்டத்தைச் சுமக்கும் பெண்கள் ஜும்ஆவுக்கு வருவதில்லை. நாங்களும் அவர்கள் வாசலைத் தாண்டுவதில்லை. ஆகவே என் மனைவியும் பெண்கள் மதரஸாவின் மார்க்கம் கற்ற ஆலிமாக்களும் வீடு வீடாகச் சென்றார்கள். பீடி சுற்றும் ஒரு வீட்டுப் பெண், மடியில் முறத்தை வைத்து, நனைத்த இலையை வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டியபடியே பேசியிருக்கிறார். வேலைக்குக் கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாவிட்டால் சொந்தக் காசில் இலை வாங்கிக் கணக்கை நிரப்புவாராம். வேறொருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் (பீடி வேலையைப் பதியும் புத்தகம்) சுற்றுவதால் அவருக்குத் தொழிலாளர் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் இல்லை. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய குழுக் கடனுக்கு வாரந்தோறும் வட்டியோடு தவணை கட்டுகிறார். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த கணவர் மூச்சிரைப்போடு வீட்டிலிருக்கிறார். பெருநாளுக்குத் தவறாமல் ஃபித்ரா தர்மம் கொடுத்துவந்த குடும்பம் என்பதால், எங்கள் பதிவேட்டில் அது கொடுப்பவர்கள் பக்கத்தில் இருந்தது.

வட்டி ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்று பள்ளிவாசல் மேடையான மிம்பரில் முழங்கும் நமக்கு, அடுத்த தெருவில் யார் வட்டி கட்டுகிறார்கள் என்பது தெரியாது. ஜகாத் பெறத் தகுதியுள்ள 8 பிரிவினரில் கடன்பட்டவர்களும் உண்டு என்பது தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்திலேயே இருக்கிறது.

திரட்டிய விவரங்களைப் பெயரில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை வாசித்தோம்: வாடகை பாக்கியுள்ள வீடுகள் எத்தனை, வாரத் தவணை கட்டுபவை எத்தனை, மருந்தை நிறுத்திவிட்டவை எத்தனை என்று. உடனே, "யார் வீடு அது?" என்று கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை. சமுதாயத்தின் மானத்தைச் சந்திக்கு இழுப்பதாகச் சிலர் கோபப்பட்டார்கள். இதைப் படிப்பவர்களிலும் சிலர் அப்படிச் சொல்வீர்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல; ஆனால் ரமளானில் பெண்களை வாசலில் வரிசையாக நிறுத்திச் சேலை கொடுத்து, அதைப் படமும் எடுக்கும்போது போகாத மானம், பெயரில்லாத கணக்கை வாசிப்பதால் எப்படிப் போகும்? 2023 பிப்ரவரியில், வாணியம்பாடியில் தைப்பூசத்தை முன்னிட்டு இலவசச் சேலைக்கு டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் 4 பெண்கள் இறந்தார்கள். அது வேறு மதத்தாரின் விழா என்று ஒதுக்க வேண்டாம். கூட்டம் கூட்டிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

கோபப்பட்டவர்களில் சிலரே பிறகு தனியாக வந்து, சேலைக்கு ஒதுக்கிய தொகையைக் கடன் அடைக்கக் கொடுத்தார்கள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வரிசை இன்னும் நிற்கத்தான் செய்கிறது. அடையாள அட்டைக்கு மனு எழுதிக்கொடுக்கப் படித்த பிள்ளைகள் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

நீங்கள் தொடங்குவதானால், ரமளானுக்கு இரண்டு மாதம் முந்தைய ரஜப் மாதத்திலேயே தொடங்குங்கள். ரமளான் பிறை தெரிவதற்குள் சேலைக்கு ஆர்டர் போய்விடும். அதன்பின் எந்தக் கணக்கை வாசித்தாலும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்கள்.