முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு: வரைபடத்துக்கு முன் பத்திரம்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா 1988-இல் கிரயம் வாங்கிய 5 சென்ட் காலி மனை இருக்கிறது. தெருவோரம் 33 அடி, உள்நீளம் 66 அடி. உயில் எழுதாமல் அப்பா காலமாகிவிட்டார். அம்மா, நான், துபாயில் இருக்கும் தம்பி, கட்டிக்கொடுத்த தங்கை என நால்வர். முன்பாதியில் நான் 18 லட்சம் ரூபாய்க்குள் வீடு கட்டுவது, பின்பாதி தம்பிக்கு என்று வாய்ப்பேச்சாக முடிவு செய்திருக்கிறோம். பின்மனைக்குப் போக 3 அடி முடுக்கு (சந்துப் பாதை) விட்டு, அதிலேயே மாடிப்படியை ஏற்றி, எல்லையில் இருவருக்கும் பொதுவாகக் கழிவுநீர்த் தொட்டி போட்டால் செலவு குறையும் என்கிறார் கொத்தனார். ஆவணியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாமா?

பதில்: ஆவணி போனால் தை இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லாமல் வானம் தோண்டாதீர்கள்.

மனை அப்பாவின் சுயசம்பாத்தியம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற ஆச்சி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு. நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததால் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. அவர் விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். ஒரு தொகையைக் கொடுத்து, அதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். சும்மா வாங்கிய கையெழுத்துதான் பின்னால் மனத்தாங்கலாகி நீதிமன்றத்துக்கு வருகிறது. பாகம் பிரியாத மனையில் நீங்கள் கட்டியெழுப்பிய பிறகும் எந்தப் பங்குதாரரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். வங்கியும் கடன் தரத் தயங்கும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு 2023 ஜூலை உயர்வுக்குப் பிறகும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். பங்கு ஒன்றுக்கு உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000.

இனி அந்த முடுக்கு. உங்கள் முன்பாதி 33-க்கு 33 அடி. முடுக்கை 3 அடியிலிருந்து 5 அடியாக்கினால் நீங்கள் இழப்பது 66 சதுர அடி, ஒரு சின்ன அடுக்களை அளவு. அதை மிச்சம் பிடித்தால், தம்பி வீடு கட்டும் நாளில் செங்கல் ஏற்றிய வண்டி உள்ளே போகாது. அவருக்கு வரைபட அனுமதி கிடைப்பதே சிக்கலாகலாம். மாடிப்படியின் ஒரு படிகூடப் பாதைக்குள் வரக்கூடாது.

பாதையைத் தம்பிக்கே எழுதிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவருடைய தனி நிலமானால், உங்கள் பட்டாசல் (கூடத்து) ஜன்னலை ஒட்டி அவர் சுவர் எழுப்பும்போது நீங்கள் வெளிச்ச உரிமை பேச முடியாது. வசதியுரிமைச் சட்டப்படி அதற்கு 20 ஆண்டுகள் தடையில்லாத அனுபவம் வேண்டும். ஆகவே இருவருக்கும் பொதுப்பாதை என்றே எழுதுங்கள். நான்குமால் (நாற்புற எல்லை) விவரத்தில் பாதையின் நீள அகலம், நடந்து போய்வரவும் வண்டி ஓட்டவும் உரிமை, அடியில் குழாயும் மின்கம்பியும் பதிக்கும் உரிமை, மழைநீர் வடியும் திசை எல்லாம் இருக்கட்டும். அளந்து வரைந்த படத்தையும் பத்திரத்தோடு இணையுங்கள். பக்கவாட்டில் விதிப்படி விட வேண்டிய காலியிடத்துக்கு இந்தப் பாதையே போதும் என்று நம்பி வரைபடம் போடாதீர்கள், பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுக் கழிவுநீர்த் தொட்டி வேண்டவே வேண்டாம். அது நிறைந்து வழியும் நாளில் அண்ணன் தம்பி உறவும் நாறிவிடும். அவரவர் எல்லைக்குள் அவரவர் தொட்டி.

அம்மாவையும் மறக்காதீர்கள். அவர் பங்கை விட்டுக்கொடுத்தால், தரைத்தளத்தில் குளியலறை ஒட்டிய அறையில் ஆயுள்காலம் வரை வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். வரைபடத்திலும் அந்த அறை மாடிக்குப் போகக்கூடாது.

பத்திரம் பதிவானதும் பட்டாவை உட்பிரிவு செய்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால், 2024-இல் வந்த சுயசான்றுத் திட்டத்தில் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். மழைநீர்ச் சேகரிப்பும் கட்டாயம்.

தம்பி விடுப்பில் வர முடியாவிட்டால், துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். இன்றே அவரிடம் பேசுங்கள்.