நத்தோ வயிற்றுக்கு ஒத்துவருமா?

தம்பி, களுவாஞ்சிகுடியிலிருந்து ஜப்பானுக்கு முதியோர் இல்ல வேலைக்கு வந்து 2 மாதம், காலையில் சோற்றோடு நத்தோ (பக்டீரியா போட்டுப் புளிக்கவைத்த சோயா அவரை), பத்து மணிக்குள் வயிறு மத்தளம் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் டொக்டர் ஃபொட்மப் (சரியாகச் செமிக்காமல் குடலில் காற்றாகும் சர்க்கரை வகைகள்) குறைந்த சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டாராம். சோயா அவரை கூடாது, புளித்தது என்றால் பரவாயில்லை என்கிறார்களே, உண்மையா? பாதி உண்மை.

நான் ஆரையம்பதி. ஜப்பானில் மித்தோ நகரில் 11 வருடம். நத்தோவுக்கே பேர்போன ஊர், தப்ப வழியில்லை. முதல் நாள் மூடியைத் திறந்தால் கருவாட்டுக்கும் ஈரச்சாக்குக்கும் நடுவில் ஒரு மணம். குச்சியால் கிண்டக் கிண்ட நூல் நூலாக இழுபட்டது. வீடியோ கோலில் பார்த்த அம்மா, "ஊசிப்போனதையா மனே தின்னுறாய்?" என்றார்.

சோயாவில் நமக்குச் செமிக்காத சில சர்க்கரைகள் இருக்கின்றன. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அவற்றைக் காற்றாக்கிவிடும். ஆனால் அவை தண்ணீரில் கரையும். பூஞ்சணம் போட்டுப் புளிக்கவைக்கும் சோயாக் கட்டிதான் இந்தோனேசியத் தெம்பே; அதற்கு அவரையை ஊறவைத்து, தோல் நீக்கி, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். மிச்சத்தில் கொஞ்சத்தைப் பூஞ்சணம் தின்னும். ஃபொட்மப் குறைந்த உணவுமுறையை உருவாக்கிய மெல்பேர்ன் மொனாஷ் பல்கலைக்கழகமும் வெறும் தெம்பேயைச் சாப்பிடலாம் என்றுதான் சொல்கிறது. சோயாப்பாலைத் திரட்டிச் செய்யும் தோஃபுவில் கெட்டியானதும் சரி, அதில் தண்ணீரைப் பிழிந்துவிடுவார்கள். வழுவழுத் தோஃபுவில் அந்தத் தண்ணீர் உள்ளேயே நிற்கும், அது வேண்டாம். நத்தோவில் அவரை முழுசாகக் கிடக்கிறது. பக்டீரியா கொஞ்சம் தின்றிருக்கும், முழுவதையும் அல்ல. சட்டித் தயிரும் புளித்ததுதானே, அதற்காகப் பால் ஒத்துக்கொள்ளாதவன் ஒரு சட்டியை முடிப்பானா?

ஆனால் நத்தோவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நான் 2 வருடம் அதைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் மேலே தூவிய வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி! பச்சைப் பகுதி ஒன்றும் செய்யவில்லை. பெட்டிக்குள் வரும் சோஸ் பையையும் பாருங்கள், பலதில் பழச்சர்க்கரைப் பாகு சேர்த்திருப்பார்கள். அதை எறிந்துவிட்டு நாலு சொட்டு சோயா சோஸ் விடுங்கள். ஒரு கிழமை நத்தோவை நிறுத்தி, அப்புறம் அரைப் பெட்டியில் தொடங்கினால் வயிறே பதில் சொல்லும்.

அப்பாவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டீர்கள். அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து குடிக்கிறார் என்றால் கூடவே கூடாது. நத்தோவில் விற்றமின் கே மிக அதிகம், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

உங்களுக்கு என் சிபாரிசு தெம்பே. மெல்லிசாக வெட்டி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தூள் பிரட்டி, கருவேப்பிலையோடு மொறுமொறுவென்று பொரியுங்கள். உள்ளி மணம் இல்லாமல் இறங்காது என்றால், உரித்த பல்லை முழுசாக எண்ணெயில் போட்டுச் சிவந்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். வயிற்றை ஊதவைக்கும் சாமான் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் நிற்கும்.