லகார்டியா கலைப் பள்ளியில் சேர்த்தால் படிப்பு போய்விடுமா?

கேள்வி: நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஏழு வருடமாகக் கர்நாடக இசை கற்றுக்கொள்கிறாள். லகார்டியா கலைப் பள்ளிக்குத்தான் போவேன் என்கிறாள். எங்களுக்கு ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயன்ஸ் மீதுதான் கண். கலைப் பள்ளியில் சேர்த்தால் படிப்பு போய்விடாதா?

பதில்: என் மகள் 2013 முதல் 2017 வரை அந்தப் பள்ளியின் வாய்ப்பாட்டுப் பிரிவில் படித்தவள். நாங்களும் குவீன்ஸ்தான், ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. உங்கள் கேள்வியை அப்படியே நானும் என் கணவரும் ஓர் ஆண்டு முழுக்கச் சாப்பாட்டு மேசையில் பேசியிருக்கிறோம். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டில் எது என்று நீங்கள் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. நகரத்தின் ஒன்பது சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளில், நீங்கள் சொல்லும் ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயன்ஸ் உட்பட எட்டுக்கு நுழைவுத் தேர்வு; லகார்டியாவுக்கு மட்டும் ஆடிஷன், அதாவது கலைத் திறமையைச் செய்துகாட்டும் தேர்வு. பிள்ளை தேர்வையும் எழுதலாம், ஆடிஷனும் கொடுக்கலாம். இரண்டிலும் இடம் கிடைத்தால் அப்போது உட்கார்ந்து யோசித்தால் போதும். என் மகள் இரண்டையும் செய்தாள்.

ஒரு விஷயம் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. இது அரசுப் பள்ளி. ஒரு டாலர் கட்டணம் கிடையாது. ஓவியம், நடனம், நாடகம், வாத்திய இசை, வாய்ப்பாட்டு, மேடைத் தொழில்நுட்பம் என்று ஆறு பிரிவுகள். பள்ளியில் அவற்றை ஸ்டுடியோ என்பார்கள். அப்போதைய நியூயார்க் மேயர் லகார்டியா 1936இல் இதன் முதல் வடிவமான இசை-ஓவியப் பள்ளியை ஹார்லெம் மேட்டில் தொடங்கினார். ஊரெங்கும் வேலை இல்லாமல் மக்கள் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் நகராட்சிப் பணத்தில் பிள்ளைகளுக்கு வயலினும் தூரிகையும் கொடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவருடைய அப்பா ராணுவ பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். அதைப் படித்தபோது, நம் ஊர்ப் பேண்டுக்காரர் ஒருவரின் மகன் மேயரானதுபோல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிராட்வே அரங்குகளுக்குப் பக்கத்தில் 1948இல் தொடங்கிய நிகழ்த்துகலைப் பள்ளி பின்னர் இதனோடு இணைந்தது. 1984இல் இரண்டும் லிங்கன் சென்டருக்குப் பின்னால் ஒரே கட்டடத்துக்கு வந்தன. எங்கள் வீட்டிலிருந்து ஏழாம் எண் ரயிலில் டைம்ஸ் ஸ்கொயர், அங்கிருந்து ஒன்றாம் எண் ரயிலில் அறுபத்தாறாம் தெரு. ஒரு மணி நேரப் பயணம்.

இனி ஆடிஷன். கர்நாடக இசை கற்ற பிள்ளை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். என் மகள் காலத்தில் நேரில் போக வேண்டும். தயார் செய்த ஒரு பாட்டை மனப்பாடமாகப் பாட வேண்டும். பிறகு ஆசிரியர் வாசிக்கும் சிறு மெட்டைத் திருப்பிப் பாட வேண்டும். தட்டும் தாளத்தைத் திருப்பித் தட்ட வேண்டும். தாளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஆதி தாளத்தில் மூன்று காலமும் சொன்ன பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் மெட்டில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு சுரத்தைக் கொடுத்தால் அசைக்காமல் நிறுத்தத் தெரியாது. 'க' என்னும் காந்தாரத்தைக் கேட்டால் தோடி ராகத்தில் அசைப்பதுபோல அசைத்துவிடுவார்கள். அங்கே கேட்பது அசையாத சுரம்.

அவளுடைய பாட்டு ஆசிரியை, குவீன்ஸிலேயே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த மாமி, இதைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. "அதற்கென்ன, முத்துசுவாமி தீட்சிதரே நோட்டுசுவரம் செய்திருக்கிறார்" என்று சொல்லி, வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளில் அவர் சங்கராபரண ராகத்தில் அமைத்த அந்தச் சிறு பாடல்களை எடுத்தார். ஒரு மாதம் கமகம் என்கிற அந்த அசைவு இல்லாமல், நேர்கோடு போட்டதுபோல, அவற்றையே பாட வைத்தார். பியானோவில் கேட்ட மெட்டைப் பார்த்து என் மகள் மிரளாமல் இருந்ததற்கு அந்த மாமியின் ஒரு மாதம்தான் காரணம். உங்கள் பாட்டு ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனதுக்காரர்கள்.

(இப்போது வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் முறை வந்திருக்கிறது. உங்கள் ஆண்டுக்கு என்ன விதி என்பதை நகரக் கல்வித் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி மதிப்பெண்களையும் பார்ப்பார்கள் என்பதால் ஏழாம் வகுப்பு மதிப்பெண் முக்கியம்.)

சேர்ந்த பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. முதல் செமஸ்டரில் ஒரு நாள் முகம் வாடி வந்தாள். சேர்ந்திசை வகுப்பில் ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு, "உன் குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கிறது" என்று சொன்னாராம். நான், நல்லதுதானே கண்ணே, பாராட்டியிருக்கிறார் என்றேன். இல்லை அம்மா, அங்கே அது தப்பு என்றாள். எனக்குப் புரியவே சில நாள் ஆயிற்று. நம் மேடையில் பிள்ளை நடுவில் உட்கார்ந்திருப்பாள். வயலினும் மிருதங்கமும் அவளைப் பின்தொடரும். தனித்துத் தெரியத்தான் பத்து வருடம் உழைக்கிறோம். அங்கே நாற்பது பேரில் ஒருத்தியாகக் கரைய வேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஆல்ட்டோ, அதாவது பெண் குரல்களில் கீழ்வரிசை. மெட்டு மேல்வரிசைக்குப் போய்விடும். இவள் பக்கம் பக்கமாக இரண்டு மூன்று சுரங்களிலேயே நிற்க வேண்டும். வீட்டில் தனியாக அவள் பயிற்சி செய்தபோது இது என்ன பாட்டு, தலையும் இல்லை வாலும் இல்லையே என்று நினைத்திருக்கிறேன். அதே வரியை டிசம்பர் கச்சேரியில் மற்ற மூன்று வரிசைகளோடு சேர்த்துக் கேட்டபோது என் கண் நிறைந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் எது என்று அன்றுதான் எனக்குக் காதால் தெரிந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "திறமையான பிள்ளைகளுக்கான பள்ளி" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திறமை ஆடிஷனோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, தெரியாத ஒன்றை எல்லோர் முன்னாலும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தினமும் கற்கக்கூடிய பிள்ளைதான் அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறாள். எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும். இத்தாலிய மொழியை எப்படி உச்சரிப்பது என்று கற்க வேண்டும். ஏழு வருடக் கர்நாடகப் பயிற்சி உள்ள என் பெண், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைபோல முதல் ஆண்டில் தடவிக்கொண்டிருந்தாள்.

படிப்புக்கு வருகிறேன். படிப்பு போகாது, நேரம் போகும். கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் மற்றப் பள்ளிகளைப் போலவே உண்டு. மாநில ரீஜன்ட்ஸ் தேர்வுகள் எழுதியாக வேண்டும், கல்லூரி நிலைப் பாடங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு மேல்தான் ஸ்டுடியோ வகுப்புகள். ஒத்திகை இருக்கும் நாட்களில் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். பத்தாம் வகுப்பில் என் மகளின் கணித மதிப்பெண் சரிந்தது. ஒத்திகைக் காலத்தில் வீட்டுப்பாடத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அது எங்கள் தவறு. அந்தக் கோடையில் தனிப்பயிற்சி வைத்துச் சரிசெய்தோம். கலையா கல்வியா என்ற இழுபறி பள்ளிக்குள்ளும் உண்டு. அவள் முடித்துப் போன பிறகு, 2019இல், பாடப் படிப்புக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் கலை பின்னால் தள்ளப்படுகிறது என்று நூற்றுக்கணக்கான மாணவர்கள் நடைவழிகளில் உட்கார்ந்து போராடினார்கள். நாம் படிப்பு போய்விடுமோ என்று பயப்படுகிறோம். அந்தப் பிள்ளைகள் கலை போய்விடுமோ என்று பயந்தார்கள்.

அங்கே படித்தால் நடிகராகவோ பாடகராகவோதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பாடகி சூசன் வேகா பழைய நிகழ்த்துகலைப் பள்ளியில் படித்தது நடனம். பெயர் வாங்கியது பாட்டில். சிவப்பு இதயம் போட்ட நியூயார்க் சின்னத்தை எல்லாச் சட்டையிலும் பார்க்கிறோமே, அதை வரைந்த மில்டன் கிளேசர் அந்தப் பழைய இசை-ஓவியப் பள்ளியின் மாணவர். என் மகள் பேச்சுச் சிகிச்சை படித்து இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களோடு மூச்சையும் குரலையும் பற்றிப் பேசும்போது, பள்ளியில் குரல் வகுப்பில் கற்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது என்கிறாள். மாமியிடம் இன்றும் போகிறாள். கமகம் போகவில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பள்ளியின் சேர்ந்திசைக் கச்சேரி ஒன்றுக்கு மகளை அழைத்துப் போங்கள். முன்வரிசைத் தனிப்பாடகியை விட்டுவிட்டு, பின்வரிசையில் நிற்கும் ஏதாவது ஒரு பெண்ணைப் பாட்டு முடியும்வரை கவனிக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது ரயிலில் நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். அந்தப் பெண் பாடிய வரியைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பித்தால் ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.