கச்சான் தோட்டத்துக்குக் கமரா கொண்டுபோன ரீச்சர்

கேள்வி: ரீச்சர், நான் இரண்டு குறும்படங்களில் நடித்திருக்கிறேன். ஆனால் ஆவணப்படம் எடுக்கத்தான் ஆசை. "முதலில் படிப்பிக்கிற வேலைக்குப் போ, படம் பிறகு பார்க்கலாம்" என்கிறார் அம்மா. இப்படி நடிக்கப் போய் ஆவணப்படத்துக்கு வந்த பெண் யாராவது உண்டா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு பிள்ளை. அவரும் முதலில் ரீச்சர்தான். அம்மாவிடம் அதை முதலில் சொல்லுங்கள். செனகல் நாட்டு சஃபி ஃபே. 1943இல் டக்காரில் பிறந்து அங்கேயே படிப்பித்தவர். 1966இல் டக்காரில் நடந்த கறுப்பினக் கலைவிழாவில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷைச் சந்தித்தார். ரூஷ் அவரைத் தன் படமொன்றில் நடிக்க வைத்தார். அந்தப் படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சஃபி பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் தொழில் பிடிபட்டது அங்கேதான். அப்புறம் பாரிஸில் இனவியலும் திரைப்படமும் படித்தார். செலவுக்கு மொடலிங், நடிப்பு, படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை.

எனக்கு அவரைப் பிடித்தது 1975இல் செய்த காரியத்துக்காக. கமராவோடு தன் குடும்பத்தின் ஊருக்கே போய், ஊர்ச்சனத்தையே வைத்து, கறுப்பு வெள்ளையில் 'கத்து பேக்கத்' எடுத்தார். கமக்காரரின் குரல் என்று பொருள். கதை சின்னதுதான். ங்கோர் என்ற பெடியனுக்குக் கும்பா என்ற பெட்டையைக் கட்ட ஆசை. மழை பொய்த்துக் கச்சான் விளையவில்லை. பெண் வீட்டுக்குக் கொடுக்கக் காசில்லை. டக்காருக்குக் கூலிவேலைக்குப் போகிறான். (அங்கே மாப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும். எங்கள் மாப்பிள்ளைமார் கவனிக்க.) பின்னேரங்களில் ஆண்கள் மரத்தடியில் கூடிக் கதைப்பார்கள். படத்தின் உயிர் அந்தக் கதைதான்: வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கச்சானையே போட்டுப் போட்டு வந்த நிலம், கட்ட முடியாத வரி, கடன்.

இது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அம்மப்பாவின் கச்சான் தோட்டத்தில் செடி பிடுங்கிக் குவிக்க, பெண்கள் நிழலில் இருந்து ஆய்வார்கள். நகக்கண்ணுக்குள் ஏறிய மண் இரண்டு நாளைக்குப் போகாது. வியாபாரி வருவார். சாக்குக்குள் கைவிட்டு ஒரு கோதை எடுத்து உடைப்பார், பருப்பைக் கடிப்பார், "ஈரம்" என்பார். அந்த ஒரு சொல்லோடு விலை இறங்கிவிடும். அம்மப்பா வாய் திறக்கமாட்டார். லொறி போன பிறகுதான் பாலைமரத்தடியில் இருந்து கதைக்கத் தொடங்குவார். அந்தக் கதையை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை, நான் உட்பட. சஃபி தன் தாத்தாவைப் படத்தில் வைத்தார். படப்பிடிப்பு முடிந்து சில நாட்களில் கிழவர் போய்விட்டார். படம் அவருக்கே சமர்ப்பணம்.

கேள்வி: அந்தப் படத்தைச் செனகலில் தடை செய்தார்களாமே? அப்படி என்ன இருந்தது?
— வாசகர், மாங்குளம்

பதில்: அடிதடியும் இல்லை, ஆபாசமும் இல்லை. அரசின் விவசாயக் கொள்கையைக் கமக்காரர் தங்கள் வாயால் குறை சொன்னார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில், 1976ஆம் ஆண்டு பேர்லின் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர் விருது கிடைத்தது. சகாராவுக்குத் தெற்கே ஆபிரிக்கப் பெண்ணொருவர் எடுத்து, வணிகரீதியாக வெளிவந்த முதல் முழுநீளப் படமும் அதுதான்.

கேள்வி: பெண்களைப் பற்றி ஒன்றும் எடுக்கவில்லையா?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: எடுத்தார். எண்பதுகளில் 'செல்பே' என்று அரை மணி நேர ஆவணப்படம். புருசன் வேலை தேடிப் பட்டணம் போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி விடிந்தது முதல் படுக்கும்வரை செய்கிற வேலைகள். உங்கள் ஒழுங்கையில் எத்தனை செல்பே என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் படங்கள் ஏன் குறைவு?
— அதே மாங்குளம் வாசகர்

பதில்: காசு ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். 'மொசான்' என்ற கதைப்படத்தை 1990இல் எடுத்தார். தயாரிப்பாளரோடு உரிமைப் பிரச்சினை இழுபட்டு 1996இல்தான் அது கான் விழாவுக்குப் போனது. ஆறு வருடம்! 2023இல் பாரிஸில் காலமானார். ஒட்டுசுட்டான் பிள்ளையும் இதை வாசிக்கட்டும்: யார் காசு தந்தாலும் கடதாசியை முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை கச்சான் ஆய்கிற இடத்துக்குக் கமராவோடு போவதென்றால் எனக்கும் ஒரு சொல் அனுப்புங்கள். ஆய எனக்கு இன்னும் கை வரும்.